தணிகைவேலின் நேர்த் தையல்

தணிகைவேலுக்கு முதல் முறை வலிப்பு வந்தது சத்தியவேட்டில், ஒரு டீக்கடை வாசலில். காலை ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஸ்ரீ சிட்டித் தொழிற்பேட்டைக்குப் போகும் பஸ் சாலையோரம் நின்றிருந்தது. உள்ளே பாதி சீட் நிரம்பிவிட்டது. எல்லாம் பெண்கள். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு விட்ட தூக்கத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள். தணிகைவேல் டீ கிளாஸை வாங்கக் கை நீட்டியது வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது, தன் முகத்துக்கு மேல் வட்டமாகக் குனிந்திருந்த முகங்கள். உள்ளங்கையில் ஏதோ குத்தியது. விரித்துப் பார்த்தால் பஸ் சாவி. வலிப்பு வந்தவர் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்று யாரோ அவர் சட்டைப் பையிலிருந்தே அதை எடுத்துத் திணித்திருந்தார்கள்.

திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது, மாத்திரையை விடாமல் போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்று டாக்டர் தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். வண்டி ஓட்டக் கூடாது என்றதோடு அவர் நிறுத்தவில்லை. கிணற்றடிக்குத் தனியாகப் போகக் கூடாது, மரம் ஏறக் கூடாது, நெருப்புக்கு முன்னால் தனியாக நிற்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி பிரமிளா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தணிகைவேல் முதலாவதிலேயே நின்றுவிட்டார். மற்றவை காதில் விழவில்லை.

அவர் நாற்பதைத் தாண்டியவர். சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் கிராமம். லாரியில் கிளீனராகத் தொடங்கி, டிரைவராகி, கம்பெனி பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தவர். அந்தப் பஸ்ஸில் ஏறும் பெண்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனால் அவர் ஓட்டினால் தூங்கிக்கொண்டு வரலாம் என்று தெரியும். பள்ளத்துக்கு முன்பே வேகம் குறைந்துவிடும்; பிரேக் போட்டதே தெரியாது. அப்படிப்பட்டவர், பஸ்ஸைக் கிளப்பியபின் அந்த வலிப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். அதை மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

வந்து விசாரித்தவர்கள் கொஞ்ச நாளில் குறைந்தார்கள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் தேன்மொழி மட்டும் தினமும் போனில் கேட்பாள்: "நைனா, மாத்திர போட்டியா?" போட்டேன் என்பார். அதற்கு மேல் என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. குடும்ப நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். இவர் அங்கே போனால், கிணற்றுப் பக்கம் போய்விடுவாரோ என்று அண்ணனுக்கு வேலை ஓடாது. அதனால் போவதையும் விட்டுவிட்டார்.

பிரமிளா பல வருடமாக வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவர். முன்னறை ஜன்னலோரம் மோட்டார் வைத்த தையல் மிஷின். தணிகைவேல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த வரையில் அந்த அறையைப் பகலில் பார்த்ததே குறைவு. இப்போது சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதன் சத்தத்தைக் கேட்டார். ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அது நிற்கும்போதெல்லாம் பிரமிளா எட்டிப் பார்ப்பார். மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறாள் என்பது தணிகைவேலுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொள்வார்.

ஒருநாள் அவசரத்தில் பிரமிளா ஒரு ஜாக்கெட்டின் இரண்டு கையையும் மாற்றித் தைத்துவிட்டார். மாலையில் அதை வாங்க ஆள் வரும். தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவரிடமிருந்து தணிகைவேல் அதை வாங்கினார்.

"குடு, நான் பிரிக்கிறேன். நீ மத்தத பாரு."

"துணி கிழிஞ்சிடும் மாமா."

"கிழிக்க மாட்டேன்."

பிளேடின் முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி அறுத்து, நூலை உருவினார். துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு பிரிக்கும் வேலை எல்லாம் அவரிடம் வந்தது. மற்றவர்கள் தைத்துக் கெடுத்த ஜாக்கெட்டுகளும் வந்தன. பிரித்துப் பிரித்துப் பார்த்ததில் நல்ல தையல் எது, மோசமான தையல் எது என்று அவருக்குத் தெரிய ஆரம்பித்தது. பிரமிளாவின் தையலைப் பிரிப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு தையலும் ஒரே அளவு, ஒரே இறுக்கம்.

"எனக்கு நேரா அடிக்கிறது மட்டும் கத்துக் குடு" என்றார் ஒருநாள்.

பிரமிளா கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு, "மோட்டார்ல வேணாம்" என்றார்.

"ஏன், கெடுத்துடுவேனா?"

"அதுக்கில்ல. உனக்குத் திடீர்னு வந்துச்சினா கால் பெடலை அழுத்திக்கினே இருக்கும். ஊசி ஓடிக்கினே இருக்கும். கை உள்ள போயிடும். கால் மிஷின்னா, உன் கால் நின்னா ஊசியும் நின்னுடும்."

தணிகைவேல் அவரைப் பார்த்தார். வலிப்பைப் பற்றி இருவரும் நேருக்கு நேர் பேசியது அதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் 'உடம்பு சரியில்லை' என்றுதான் வீட்டில் பேச்சு. வந்தால் என்ன செய்வது என்று அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு வலியும், அதைவிடக் கொஞ்சம் பெரிய நிம்மதியும் இருந்தன.

கல்யாணத்தில் பிரமிளாவுக்குத் தாய்வீட்டில் கொடுத்த கால் மிஷின் பரண்மேல் கிடந்தது. அண்ணனைக் கூப்பிட்டு இறக்கினார்கள். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, எண்ணெய் போட்டு, புது பெல்ட் மாட்டியதெல்லாம் தணிகைவேல்தான். அந்த ஒரு நாள் முழுக்க அவர் படுக்கவே இல்லை.

டிரைவர்தானே, காலும் கையும் சொன்னபடி கேட்கும் என்று அவரும் நினைத்தார், பிரமிளாவும் நினைத்தார். நடந்தது வேறு. கால் மிஷினில் இரண்டு பாதமும் ஒரே பலகையில் முன்னும் பின்னும் சாய வேண்டும். அவருடைய வலது கால் தனியாக அழுத்தியது, இடது கால் கிளட்சைத் தேடியது. சக்கரம் பின்பக்கமாகச் சுற்றியது. நூல் கோத்திருந்தால் ஒவ்வொரு முறையும் அறுந்திருக்கும். நல்லவேளை, பிரமிளா நூல் கோக்கவில்லை. வெறும் ஊசியோடு, துணிக்குப் பதில் தெலுங்குப் பேப்பரை வைத்து, இரண்டு பத்திகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளைக் கோட்டின்மேல் அடிக்கச் சொன்னார். அடித்து முடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஓட்டைகள் எழுத்துக்குள் புகுந்து, வெளியே வந்து, ஒரு போட்டோவைக் கடந்து எங்கோ போயிருந்தன. பிரமிளா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. தணிகைவேலும் சிரித்துவிட்டார். அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நாளாகியிருந்தது.

துணிக்கு வந்ததும் வேறு தொல்லை. கோணும் என்று தெரிந்த இடத்தில் துணியைப் பிடித்துத் திருப்புவார். ஊசி வளையும், சில நேரம் உடையும்.

"நீ இழுக்காத மாமா. கீழ பல்லு கீது பாரு, அது இழுத்துக்கும். நீ சும்மா கைய வச்சிக்கினு இரு."

"சும்மா வச்சிக்கினு இருந்தா கோணிக்கினு போவுதே."

"போவும். நீ ஊசியவே பாத்துக்கினு கீற இல்ல, அதான். ஊசி மேலயும் கீழயும் போய்க்கினு இருக்கும், அதப் பாத்து இன்னா ஆவப்போவுது?" என்றவர், நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, ஊசிக்கு வலப்பக்கம் அரை அங்குலம் தள்ளி மிஷின் தட்டின்மேல் ஒட்டினார். "துணி ஓரம் இந்தப் பொட்ட ஒரசிக்கினே வரணும். இத மட்டும் பாரு."

ஊசியைப் பார்க்காமல் இருப்பது அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொட்டைப் பார்த்தார். துணி ஓரம் பொட்டை உரசியது, விலகியது, மறுபடி உரசியது. கொஞ்சம் விலகும்போதே விரல் நுனியால் லேசாகத் தள்ளினால் போதும் என்று கைக்குப் புரிய பல நாளாயிற்று. ஒரு மத்தியானம், வீட்டில் கிடந்த பழைய வேட்டியின் ஓரத்தை முழு நீளத்துக்கு அடித்து முடித்து, பிரமிளாவிடம் நீட்டினார். பிரமிளா கண்ணால் பார்க்காமல் விரலால் தடவிக்கொண்டே கடைசிவரை போனார்.

"இது தையல்" என்றார்.

இனிமேல் கஷ்டம் இல்லை என்று இருவரும் நினைத்தார்கள். எதிர்வீட்டு ருக்மணி, பிரமிளாவிடம் வருடக்கணக்காகத் தைப்பவர், புதுத் துணியோடு வந்தார். ஜன்னலோரம் தணிகைவேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "அப்பறம் வரேன்" என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரம் இன்னும் சிலர் அப்படியே திரும்பினார்கள். ருக்மணி அந்த ஜாக்கெட்டை டவுனில் ஒரு கடையில் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தபோது, பிரமிளா எதிர்வீட்டுக்குப் போய்க் கேட்டேவிட்டார். ருக்மணி மறைக்கவில்லை. கூடவே இவர்கள் வீட்டு வாசல்வரை வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அண்ணன் மேல எனக்கு ஒண்ணும் இல்ல பிரமிளா. அளவு குடுக்கற எடத்துல ஆம்பள உக்காந்துக்கினு இருந்தா எப்பிடி நிக்கிறது? நீயே சொல்லு."

குரல் தாழ்ந்திருந்தாலும் உள்ளே இருந்த தணிகைவேலுக்குக் கேட்டது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொல்வது நியாயம். தான் கற்றுக்கொண்டதில் இருந்த சந்தோஷத்தில், அந்த அறை யாருடையது என்பதை மறந்துபோயிருக்கிறோம் என்று தோன்றியது.

மறுநாள் காலையில் பிரமிளா எழுந்து வந்தபோது, அவர் கால் மிஷினைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, வீட்டின் பக்கவாட்டில் மோட்டார் சைக்கிள் நிற்கும் ஷீட் போட்ட கொட்டகைக்குக் கொண்டுபோயிருந்தார்.

"வெளியவா? நாலு பேரு பாப்பாங்களே மாமா."

"பாக்கட்டும். உன் ரூம்ல ஒளிஞ்சிக்கினு இருந்ததாலதான் இவ்ளோ தொந்தரவு."

பார்த்தார்கள். சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கூட லாரி ஓட்டிய ஒருவர், "இன்னா தணிகா, எத்தனாவது கியர்ல போய்க்கினு கீது?" என்று கேட்டுவிட்டுப் போனார். தணிகைவேல் தலை நிமிராமல் மிதித்தார். ஆனால் அன்று அடித்த தையல் எல்லாம் கோணல்.

முதலில் வேலை கொடுத்தவர் முனுசாமி. மாந்தோப்புக் காவல்காரர். புது லுங்கியை மூட்டித் தரச் சொல்லி முன்பு பிரமிளாவிடம்தான் கொடுப்பார். ஜாக்கெட் வேலைக்கு நடுவில் அது மூட்டையில் கிடக்கும். லுங்கியின் இரண்டு முனையையும் சேர்த்து ஒரே ஒரு நேர்த் தையல். அதற்காக யாரும் அவசரப்படுவதில்லை. முனுசாமி அதைத் தணிகைவேலின் மிஷின்மேல் போட்டார்.

"நீயே அடிச்சிக் குடு. நான் இங்கியே உக்காந்துக்கினு வாங்கிக்கினு போறேன்."

நகரித் தறியில் நெய்த, கட்டம் போட்ட லுங்கி. கட்டம் உதவியும் செய்யும், காட்டியும் கொடுக்கும். கோடு இருப்பதால் நேராக அடிப்பது சுலபம். அடித்தது கோணினால் தெருமுனையிலிருந்தே தெரியும். தணிகைவேல் கோட்டை விடாமல் அடித்து முடித்தார். முனுசாமி அங்கேயே கட்டிப் பார்த்தார்.

"அடி ஒரு பக்கம் ஏறிக்கினு கீதே."

தையல் நேராகத்தான் இருந்தது. ஆனால் மேல் துணியும் கீழ் துணியும் ஒன்றாக நகரவில்லை. கடைசியில் ஒன்று விரல் அகலத்துக்கு நீண்டிருந்தது. பிரமிளா வெளியே வந்து பார்த்து, கீழே இருக்கும் துணியைப் பல் சீக்கிரமாக இழுத்துவிடும், முன்கூட்டியே இரண்டு முனையையும் நடுவையும் சேர்த்துக் குண்டூசி குத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தணிகைவேல் பிரித்தார். பிரிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மறுபடி அடித்தார். முனுசாமி இந்த முறை கட்டிக்கொண்டு, பழைய லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனார். அடுத்த வாரம் அவர் தெருக்காரர்கள் வந்தார்கள். லுங்கி, தலையணை உறை, மாங்காய் மூட்டைக்குக் கோணி, ஜன்னல் படுதா. எல்லாம் நேர்த் தையல். முன்னறைக்குப் பெண்களும் திரும்பி வந்தார்கள், ருக்மணி உட்பட.

பண்டிகை நெருக்கத்தில் இருவருக்கும் கை ஒழியவில்லை. திருப்பதிக்குப் போய் மாத்திரை வாங்குவது தள்ளிப்போயிற்று. ஒரு பகல், உள்ளே தைத்துக்கொண்டிருந்த பிரமிளாவுக்கு வெளியே மிஷின் சத்தம் நின்றது கேட்டது. நிற்பது சகஜம்தான். ஆனால் நூல் வெட்டும் சத்தமோ இருமலோ கேட்கவில்லை. ஓடி வந்து பார்த்தார். தணிகைவேல் மிஷின்மேல் சரிந்திருந்தார். உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. ஊசி அவர் விரலுக்குப் பக்கத்தில் துணிக்குள் இறங்கி அசையாமல் நின்றிருந்தது. பிரமிளா அவரைப் பிடித்துத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே கைக்குக் கிடைத்த லுங்கியை மடித்து வைத்து, அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை.

மறுநாளே திருப்பதிக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார்கள். இந்த விஷயத்தைத் தேன்மொழிக்குக்கூடச் சொல்லவில்லை.

அது கழிந்து சில மாதத்துக்கெல்லாம் பஸ் ஓனர் வெங்கடரமணன் வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்து பேசுகிற, நல்ல மனசுள்ள மனிதர். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர். கொட்டகையில் மிஷினைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"இதேந்தி தணிகா, நீ செய்யற வேலையா இது? வா, வந்து வண்டி எடு. புதுசா வரவனுங்க பிரேக் அடிக்கிறதுல லேடீஸ் தெனமும் கம்ப்ளைன்ட். உன்னத்தான் கேக்கறாங்க."

தணிகைவேலின் முகம் மாறியதைப் பிரமிளா வாசலில் நின்று பார்த்தார். அப்படி ஒரு முகத்தைப் பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"டாக்டர் ஓட்டக் கூடாதுன்னுட்டாருண்ணா."

"அது அப்ப சொன்னது. இப்ப நல்லாதான இருக்க? டீக்கடைல விழுந்தது வெயிலுக்குன்னு சொல்லிக்கலாம். அப்பறம் ஒரு தடவகூட வரல இல்ல?"

பிரமிளா பேசவில்லை. பேசினால் தன்னால் அவர் வேலை போயிற்று என்று ஆகிவிடும். பேசாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். தணிகைவேல் மிஷினின் கைச்சக்கரத்தில் கை வைத்து, அதை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வந்துச்சிண்ணா" என்றார் கடைசியில். "இதோ, இங்க உக்காந்துக்கினு இருக்கும்போது. கால் நின்னுச்சி, மிஷினும் நின்னுடுச்சி. உங்க வண்டி நிக்காதுண்ணா."

வெங்கடரமணன் மிஷினைப் பார்த்தார். பிறகு எழுந்து, தணிகைவேலின் தோளைத் தொட்டுவிட்டு, பிரமிளாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று தணிகைவேல் சாப்பிடவில்லை. நல்லது செய்தோம் என்ற எண்ணமெல்லாம் வரவில்லை. வாயிலிருந்த ஒன்றைத் தானே பிடுங்கிப் போட்டதுபோல இருந்தது. "ரெண்டு வாயாவது துன்னு மாமா" என்று பிரமிளா தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் சாப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. ஓனரிடம் சொன்னது ஊருக்குத் தெரிய அதிக நாள் பிடிக்கவில்லை. வேலை குறையும் என்று பிரமிளா பயந்தார். குறையவில்லை. லுங்கி மூட்டக் கொண்டுவருகிறவர்கள், போட்டுவிட்டுப் போகாமல், முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வளைவுத் தையல் அவருக்கு இன்றுவரை வரவில்லை. கழுத்து, கைக்குழி எல்லாம் பிரமிளாவுடைய வேலை. பிரமிளா வெட்டித் தரும் உள்பாவாடைகளின் நேர்த் தையலை அவர் அடிக்கிறார். ருக்மணிக்கு இது தெரியும். தெரியாததுபோல இருக்கிறார்.

மாதம் ஒருமுறை மாத்திரைக்காக இருவரும் திருப்பதிக்குப் பஸ்ஸில் போகிறார்கள். ஆரம்பத்தில் அந்தப் பயணம் தணிகைவேலுக்கு வேதனை. டிரைவர் பிரேக் பிடிக்கத் தாமதித்தால் இவருடைய வலது கால் தரையை அழுத்தும். வளைவில் கை முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். இறங்கும்போது முழு வண்டியையும் தானே ஓட்டி வந்ததுபோல் களைத்திருப்பார். பிரமிளா அந்தக் காலின்மேல் கை வைத்துக்கொண்டு வருவது வழக்கம்.

போன மாதம் புத்தூரைத் தாண்டியதும் அவர் தலை பிரமிளாவின் தோளில் சாய்ந்தது. பிரமிளா மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார், வாயோரத்தைப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார். விரல்கள் மடியில் தளர்ந்து கிடந்தன. வெறும் தூக்கம்தான். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் இறங்கி, கண்டக்டர் வந்து பார்க்கும்வரை பிரமிளா அவரை எழுப்பவில்லை.